எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்தில் திருந்த வேண்டியவை

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் வரிசையில் ஒரு பழக்கம் பாகத்துக்குப் பாகம் தொடர்கிறது. ஏதாவது ஒரு அம்சம் கணக்குப் பிசகி ஆட்டத்தைக் கெடுத்தால், அதை உருவாக்கும் பெத்தெஸ்டா நிறுவனம் அந்தக் கணக்கைத் தொடுவதில்லை, அம்சத்தையே தூக்கிவிடுகிறது. 2002இல் வந்த மாரோவிண்டில் 27 ஸ்கில்கள் (பயிற்சியில் வளரும் திறன்கள்) இருந்தன. 2006இல் ஆப்ளிவியனில் அவை 21 ஆயின, 2011இல் ஸ்கைரிமில் 18. பலம், அறிவு, வேகம் என்றிருந்த எட்டுப் பண்புகளின் இடத்தில் ஸ்கைரிமில் ஹெல்த், மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (உடல் வலு) என்ற மூன்றே நிற்கின்றன. ஈட்டி போயிற்று, பறக்கும் மந்திரம் போயிற்று, சொந்தமாக மந்திரம் சேர்த்துக் கட்டும் வசதியும் போயிற்று. இவ்வளவு இழந்த பிறகும் ஸ்கைரிம் அற்புதமான கேம்தான். கண்ணில் படும் மலை எதுவானாலும் நடந்தே போய் ஏறலாம் என்ற அந்தச் சுதந்திரத்தை இதே அளவில் தந்த கேம்கள் மிகக் குறைவு. ஆறாம் பாகம் வருகிறது என்று 2018இல் சிறு முன்னோட்டம் காட்டினார்கள். அந்தப் பாகத்துக்கான விருப்பப் பட்டியலில் புதுமைகள் பிறகு வரட்டும். வெட்டப்பட்டவை கணக்குத் திருத்தப்பட்டுத் திரும்பி வருவதே முதல் தேவை.

மந்திரத்தில் தொடங்குவோம், அதிகம் அடிபட்டது அதுதான். ஸ்கைரிமில் ஒற்றைக் கை ஆயுத ஸ்கில் ஏறினால் அடியின் டேமேஜும் ஏறும். அதன் மேல் ஆர்ம்ஸ்மேன் பெர்க் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்) ஐந்து படிகளில் 100 சதவீதம் வரை கூட்டும். அதற்கும் மேல் ஸ்மிதிங் மூலம் வாளைத் தீட்டிக்கொள்ளலாம், என்சான்ட் செய்து மந்திர சக்தி ஏற்றலாம். ஆனால் தாக்கும் மந்திரங்களுக்கான டெஸ்ட்ரக்‌ஷன் ஸ்கில் 15இலிருந்து 100 ஆனாலும் ஃபயர்போல்ட் என்ற தீ மந்திரத்தின் டேமேஜ் அதே 25தான். ஸ்கில் ஏறுவதால் குறைவது மேஜிக்கா செலவு மட்டுமே. ஆக்மென்ட்டட் ஃபிளேம்ஸ் பெர்க் இரண்டு படியும் எடுத்தால் தீயின் டேமேஜ் 50 சதவீதம் கூடும், அத்தோடு நின்றுவிடும். 60 டேமேஜ் தரும் இன்சினரேட் அப்போது 90 ஆகும். பகைவர்களின் ஹெல்த் மட்டும் லெவலுக்கு லெவல் ஏறிக்கொண்டே போவதால், 40ஆம் லெவலுக்கு மேல் மந்திரவாதியாக ஆடுபவர் ஒரே பகைவன் மீது திரும்பத் திரும்ப எய்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இதை ஈடுகட்ட ஆடுபவர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் மோசம். என்சான்டிங் 100 ஆகி அதன் பெர்க்களையும் எடுத்தபின், பெரிய ஆன்மாக் கல்லைக் கொண்டு ஒரு பொருளுக்கு 25 சதவீதம் டெஸ்ட்ரக்‌ஷன் செலவைக் குறைக்கலாம். தலைக்கவசம், அங்கி, மோதிரம், கழுத்தணி என்று நான்கிலும் போட்டால் செலவு பூஜ்யம். அதோடு இம்பாக்ட் பெர்க்கும் சேர்ந்தால் இரு கைகளாலும் எய்து எதிரியை எழவிடாமல் தள்ளாட வைக்கலாம். மேஜிக்கா என்ற அளவே அர்த்தமிழந்து, சண்டை ஒரே பட்டனைத் தட்டும் வேலையாகிறது.

தீர்வு எளிய கணக்கு. நான்கு 25களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். முதல் பொருள் செலவை 75 சதவீதமாக்கும், இரண்டாவது மீதமுள்ளதில் கால் பங்கைக் குறைக்கும். நான்கையும் அணிந்தால் செலவு ஏறத்தாழ 32 சதவீதத்தில் நிற்கும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. கூடவே ஸ்கில் ஒரு புள்ளி ஏறினால் டேமேஜ் அரை சதவீதம் ஏறட்டும், ஆயுதத்துக்கு அப்படித்தானே இருக்கிறது. இந்த இரண்டே மாற்றங்கள் போதும், மந்திரவாதியும் வாள்வீரரும் கடைசி வரை ஒரே தரத்தில் ஆடலாம்.

மந்திரம் கட்டும் மேடை திரும்பி வர வேண்டும். ஆப்ளிவியனில் ஆர்கேன் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் தகுதி பெற்றபின் அது கிடைத்தது, தீயும் உறைபனியும் ஒரே மந்திரத்தில் கலக்கலாம், பரப்பையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். அதன் ஓட்டையும் எல்லோருக்கும் தெரியும்: மந்திரத்துக்கு எதிரான பலவீனத்தை 100 சதவீதம் கூட்டும் இரண்டு மந்திரங்களைக் கட்டி மாற்றி மாற்றி எய்தால், ஒவ்வொரு முறையும் விளைவு இரட்டிப்பாகும். ஒரே எதிரி மேல் ஒரே ஆள் எய்யும் பலவீனங்களில் பெரியது ஒன்று மட்டுமே செல்லும் என்று ஒரு விதி போட்டால் இது அடைபட்டுவிடும். மேடையையே அகற்றியதால் ஓட்டைகள் ஒழிந்தனவா என்றால் அதுவும் இல்லை. மாரோவிண்டில் அறிவைக் கூட்டும் மருந்தைக் குடித்து அதைவிட வலுவான மருந்தைக் காய்ச்சும் சுழல் இருந்தது. அதே சுழல் ஸ்கைரிமில், குணமாக்கும் மந்திரங்களை வலுவாக்கும் ஃபார்டிஃபை ரெஸ்டொரேஷன் மருந்து வழியாக வந்தது. அணிகலன்களில் உள்ள என்சான்ட்களை கேம் ரெஸ்டொரேஷன் மந்திரமாகவே கணக்கிடுவதால், அந்த மருந்தைக் குடித்துவிட்டு மருந்து காய்ச்சும் திறனைக் கூட்டும் ஆல்கெமி மோதிரத்தைக் கழற்றி மாட்டினால் அதன் சக்தி பெருகிவிடுகிறது. பெருகிய சக்தியில் இன்னொரு மருந்து, அதைக் குடித்து மறுபடி மோதிரம் என்று எண்கள் கட்டுக்கடங்காமல் போகும். அணிந்திருக்கும் பொருள்களின் விளைவுகளை மருந்துகள் தொடக் கூடாது என்பதே இதற்கு வேண்டிய தடுப்பு.

பறக்கும் மந்திரத்தை எடுத்ததற்குக் காரணம் வேறு. ஆப்ளிவியனின் நகரங்கள் மதில் கதவைத் திறந்தபின் தனியாக லோட் ஆகும் பகுதிகள், மேலே பறந்து பார்த்தால் உள்ளே நகரமே இருக்காது. நகரங்களைத் திறந்த உலகத்தோடு இணைத்துவிட்டால் அந்தத் தடையும் விலகும். குறைந்தபட்சம் உயரக் குதிக்கும் மந்திரமாவது வர வேண்டும்.

லெவலுக்கு ஏற்ப உலகம் மாறுவது அடுத்த பெரிய சிக்கல். ஆப்ளிவியனில் அது எல்லை மீறியது. உயர்ந்த லெவலில் சாதாரண வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கிளாஸ் கவசத்தோடு வந்து சில்லறைக் காசு கேட்பான். ஸ்கைரிம் இதை ஓரளவு சீராக்கியது: ஒவ்வொரு பகுதிக்கும் கீழ், மேல் வரம்பு வைத்தார்கள், முதலில் நுழையும்போது உள்ள லெவலில் அந்தப் பகுதி பூட்டிக்கொள்ளும். நல்ல யோசனை, அப்படியே இருக்கட்டும். பரிசுப் பொருள்களுக்கும் அதே பூட்டைப் போட்டதுதான் தவறு. சில்ரெண்ட் வாளை ஆரம்ப லெவலில் எடுத்தால் அதன் அடிப்படை டேமேஜ் 10, அதையே 46ஆம் லெவலைத் தாண்டி எடுத்தால் 15. நைட்டிங்கேல் கவசமும் இப்படித்தான். கதையில் ஆர்வத்தோடு முன்னேறுபவருக்கு மட்டமான பொருள், குவெஸ்ட்டை (கதையில் வரும் பணியை) தள்ளிப்போட்டவருக்குச் சிறந்த பொருள். பெயர் பெற்ற ஆயுதங்கள் வைத்திருப்பவரின் லெவலோடு தாமும் வளர வேண்டும், அல்லது கொல்லரிடம் பொருளும் பணமும் கொடுத்து அடுத்த படிக்கு உயர்த்த வழி இருக்க வேண்டும். எந்த லெவலிலும் மாறாத, கையால் ஒளித்துவைக்கப்பட்ட அரிய ஆயுதங்களும் மாரோவிண்டைப் போல அங்கங்கே கிடைக்கட்டும். அபாயமான குகைக்குள் பதுங்கிப் போய் ஒன்றைத் திருடி வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

பண்புகள் எட்டும் திரும்ப வருமா? வரலாம், ஆனால் பழைய ஆப்ளிவியன் கணக்கோடு வரக் கூடாது. அதில் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த மேஜர் ஸ்கில்கள் பத்துப் படி ஏறினால் ஒரு லெவல். அந்த இடைவெளியில் ஒரு பண்புக்குக் கீழ் வரும் ஸ்கில்களை எத்தனை முறை ஏற்றினோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பண்புக்குப் போனஸ். முழு 5 புள்ளி வேண்டுமென்றால் பத்து முறை ஏற்ற வேண்டும். லெவல் ஏறும்போது கூடும் ஹெல்த் என்டியூரன்ஸ் என்ற பண்பைப் பொறுத்தது, பின்னால் அதை ஏற்றினாலும் விட்டுப்போன ஹெல்த் திரும்பாது. விளைவு, பேப்பரில் குறித்துக்கொண்டு ஆட வேண்டிய நிலை. விருப்பப்படி ஆடுபவர்கள் பலவீனமாகி நிற்பார்கள். 2025 ஏப்ரலில் வெளியான ஆப்ளிவியன் ரீமாஸ்டர் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது: மேஜர், மைனர் எது ஏறினாலும் லெவலுக்குச் சேரும், ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளிகள், அவற்றை மூன்று பண்புகளுக்குள் ஒன்றுக்கு 5 வீதம் வரை பிரித்துக்கொள்ளலாம். பத்தொன்பது ஆண்டு காலத் தலைவலி ஒரு விதி மாற்றத்தில் போய்விட்டது. ஆறாம் பாகத்துக்கு இதையே அடித்தளமாக எடுத்துக்கொள்ளலாம், ஸ்கைரிமின் பெர்க் மரங்களை அதன் மேல் வைக்கலாம்.

சங்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கைரிமின் வின்டர்ஹோல்ட் கல்லூரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய மந்திரங்களோடு தலைமை மந்திரவாதியாகிவிடலாம். அதே ஆள் கம்பானியன்ஸ் என்ற வீரர் சங்கத்தின் தலைவர், திருடர் சங்கத் தலைவரும் அவரே. மாரோவிண்டில் ஒவ்வொரு பதவிக்கும் தகுதி கேட்பார்கள்: சங்கம் மதிக்கும் ஸ்கில்களில் ஒன்று மிக உயர்வாகவும் வேறு இரண்டு ஓரளவுக்கும் இருக்க வேண்டும், பண்புகளும் போதுமான அளவு வேண்டும். ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி என்ற மூன்று பெருங்குடிகளில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் மூடிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆட அது ஒன்றே போதுமான காரணம். அந்தத் தகுதிப் பட்டியலும் அந்தக் கதவடைப்பும் திரும்ப வேண்டும்.

குவெஸ்ட் குறிகள். திசைகாட்டியில் வரும் அம்பை ஸ்கைரிமில் அணைக்கலாம், ஆனால் அணைத்தால் ஆட முடியாது, ஏனென்றால் ஜர்னலில் போகும் வழி பற்றிப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. வேலை கொடுப்பவர் வழியையும் சொல்ல வேண்டும்: எந்தப் பாலம் தாண்டி, எந்தப் பக்கம், என்ன அடையாளம். அந்த வரிகள் ஜர்னலில் பதிவாக வேண்டும். அதன் பிறகு அம்பு, வட்டமிட்ட பரப்பு, எதுவுமில்லை என்று மூன்று அமைப்புகள் கொடுக்கலாம். வழியைத் தரையில் ஒளிக்கோடாகக் காட்டும் கிளேர்வாயன்ஸ் மந்திரம் ஸ்கைரிமிலேயே இருக்கிறது. அம்பு இருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. குறிகளை அணைத்து ஆடுபவருக்கு அது பொக்கிஷமாகும்.

சண்டையில் ஒரு சிறு திருத்தம், பலன் பெரிது. பவர் அட்டாக் என்ற பலத்த அடிக்கு முழு ஸ்டாமினா இருக்கிறதா என்று ஸ்கைரிம் பார்ப்பதில்லை, பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் போதும். காய்கறி சூப் நொடிக்கு 1 ஸ்டாமினா வீதம் 720 நொடிகள் தருகிறது. ஒரு கிண்ணம் குடித்துவிட்டால் பன்னிரண்டு நிமிடம் ஓயாமல் பலத்த அடிதான். அடிக்கு உரிய ஸ்டாமினா முழுதாக இருந்தால்தான் அடி என்று மாற்றிவிட்டால் ஸ்டாமினாவில் புள்ளி போடுவதற்கு அர்த்தம் வரும். மருந்துகளும் உடனடியாக வேலை செய்யாமல் சில நொடிகளில் பரவட்டும். ஈட்டியும் வரட்டும். குறுக்குவில் 2012இல் டான்கார்ட் விரிவாக்கத்தோடு திரும்பியது, ஈட்டிக்கு மட்டும் ஏன் இன்னும் தடை?

வணிகர்களிடம் பணம் போதாது. பொதுக் கடையில் 750, கொல்லரிடம் 1000, அதுவும் 48 மணிநேரம் கழித்தே நிரம்பும். ஒரே நல்ல வாள் 2000க்கு மேல் போகும்போது, விற்பதற்காகவே காத்திருந்து நாளைத் தள்ள வேண்டியிருக்கிறது. கையிருப்புப் போதாதபோது மீதியைக் கணக்கில் வைத்து அடுத்த முறை சரக்காகவோ பணமாகவோ தரும் முறை இருந்தால் இந்தக் காத்திருப்பு ஒழியும்.

கடைசியாக எஞ்சினும் மோட்களும் (ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்). ஸ்கைரிமில் நொடிக்கு 60 ஃபிரேமைத் தாண்டினால் பொருள்கள் தானாகத் துள்ளிச் சிதறும், ஏனென்றால் இயற்பியல் கணக்கு ஃபிரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும், இன்றைய திரைகள் 60ஐ எப்போதோ கடந்துவிட்டன. மோட் ஒன்றை நீக்கினாலும் அதன் ஸ்கிரிப்ட்கள் சேவ் ஃபைலுக்குள் தங்கிவிடுவதால் சேவ் கெட்டுப்போகிறது. நீக்கும்போதே அனாதையாக நிற்கும் ஸ்கிரிப்ட்களைத் துடைக்கும் வசதி கேமுக்குள்ளேயே தேவை. இன்வெண்டரியை எடை, விலை வாரியாக வரிசைப்படுத்துவது ஸ்கைஉஐ மோட் வந்துதான் சாத்தியமானது, அதெல்லாம் முதல் நாளிலேயே இருக்க வேண்டியவை. 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷன் அப்டேட் வந்தபோது ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணை நிரலை நம்பிய பிளக்இன்களைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. பராமரிக்க ஆளில்லாத நல்ல மோட்கள் பல அங்கேயே நின்றுபோயின. மோட் எழுதுபவர்களுக்கு மாறாத இணைப்பு முறை ஒன்றை ஆரம்பத்திலேயே அறிவிக்க வேண்டும். பழைய பதிப்பிலேயே தங்கி ஆட விரும்புகிறவர் அப்டேட்டைத் தள்ளிவைக்கவும் மெனுவில் வழி இருக்க வேண்டும்.