ரிப்பேரா, பைபேக்கா: கலிபோர்னியாவில் ஒரு புது ஸ்போர்ட்ஸ் கார் அனுபவம்

இரண்டே சீட், எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால். கலிபோர்னியாவில் புதிதாக வாங்கி ஓராண்டுக்கு மேல் ஓட்டிய காரைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஸ்டியரிங், பிரேக், சீட் எதிலும் குறையே இல்லை. மலைப்பாதை வளைவுகளில் இவ்வளவு உறுதியாகத் திரும்பும் வேறு காரை நான் ஓட்டியதில்லை. தொல்லை முழுக்க கியர்பாக்ஸில்தான்.

அது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒரு கிளட்ச் 1, 3, 5 என ஒற்றைப்படை கியர்களையும், மற்றொன்று இரட்டைப்படை கியர்களையும் பார்த்துக்கொள்ளும். ஏதாவது ஒரு பக்கத்தின் ஆயில் அழுத்தம் சரியில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்தால் அந்தப் பக்கத்து கியர்களை அப்படியே முடக்கிவிடும். எனக்கு அது ஃப்ரீவேயின் இடது ஓர லேனில் நடந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் கார் இழுக்கவில்லை. பின்னால் லாரிகள் வர, நான்கு லேன் தாண்டி ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

டீலர் முதலில் சாஃப்ட்வேரை மாற்றினார். கோளாறு திரும்ப வந்தது. அடுத்து கியர்பாக்ஸின் ஆயில் கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றினார்கள். அந்தப் பாகம் வருவதற்கே வாரக்கணக்கில் ஆனது. அதன்பிறகும் அதே எச்சரிக்கை. மூன்றாம் முறை போனபோது, முழு கியர்பாக்ஸையும் மாற்றி வாரண்டியையும் நீட்டித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

கேட்பதற்கு நல்ல பேரம்தான். ஆனால் நான் சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பழைய கியர்பாக்ஸில் எது உடைந்தது?" அதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. பைபேக், அதாவது நிறுவனமே காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருவதுதான் வேண்டும் என்ற என் முடிவு அங்கேதான் பிறந்தது. காரணம் தெரிந்தால் ரிப்பேருக்குக் கொடுக்கலாம். காரணம் தெரியாமல் பாகத்தை மட்டும் மாற்றினால், வாரண்டி தீர்ந்த மறுநாளிலிருந்து அந்தச் செலவு நம் தலையில்.

2014-இல் போர்ஷே 911 ஜிடி3 கார்கள் இரண்டு தீப்பற்றி எரிந்தன. எஞ்சினின் கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, காரை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லி, அந்த ஆண்டு மாடலின் 785 கார்களுக்கும் புது எஞ்சின் போட்டுக்கொடுத்தது நிறுவனம். அப்படி ஒரு தெளிவான பதில் கிடைத்திருந்தால் நானும் காரை வைத்துக்கொண்டிருப்பேன்.

வாரண்டியில் உள்ள காரைச் சரிசெய்ய முடியாவிட்டால் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும், கலிபோர்னியாவில் 1970-இல் வந்த சாங்-பெவர்லி சட்டம்தான் இங்கே துணை. முதல் 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள் உயிருக்கு ஆபத்தான கோளாறுக்கு இரண்டு முறை, மற்ற கோளாறுக்கு நான்கு முறை ரிப்பேர் செய்தும் சரியாகவில்லை என்றால், அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் கார் சர்வீஸில் கிடந்தால், சரிசெய்ய நிறுவனத்துக்குப் போதுமான வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று சட்டமே அனுமானிக்கும். சர்வீஸில் கிடந்த நாள்களை வைத்தே என் கார் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. பதிலுக்கு வேறு கார் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னாலும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை, பணமாகவே கேட்கலாம்.

பணக்கணக்கில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. திருப்பித் தரும் பணத்தில் நாம் ஓட்டிய மைலுக்கென்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அதற்குக் காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளின் மைல் கணக்கில்லை. அந்தக் கோளாறுக்காக முதன்முதலில் டீலரிடம் விட்ட நாளின் மைல்தான் கணக்கு. அதை 1,20,000-ஆல் வகுத்து விலையால் பெருக்க வேண்டும். 90,000 டாலர் காரை 6,000 மைலில் முதலில் விட்டிருந்தால் கழிவு 4,500 டாலர். 12,000 மைல் வரை பொறுத்துப் போயிருந்தால் 9,000. அதனால் முதல் எச்சரிக்கை விளக்கு எரிந்ததுமே போய் ரிப்பேர் ஆர்டர் (டீலர் புகாரைப் பதிந்து தரும் தாள்) வாங்கிவிடுங்கள். "கோளாறு தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். தேதி, மைல், நாம் சொன்ன புகார் மூன்றும் அதில் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே படித்துப் பார்ப்பது அவசியம்.

விற்பனை வரி, பதிவுக் கட்டணம், காரை இழுத்துச் சென்ற டோ செலவு எல்லாம் திரும்பக் கிடைத்தன. கார் கடனின் பாக்கியை வங்கிக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்தார்கள். நானாக வெளிக் கடையில் ஒட்டிய பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிமுக்கு மட்டும் ஒரு காசும் வரவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் முதல் வாரமே ஃபிலிம், வீல், எக்ஸாஸ்ட் என்று இறங்குவோம். முதல் சில ஆயிரம் மைல் பொறுத்துப் பார்ப்பது நல்லது. அதிலும் எஞ்சின் ட்யூனிங் செய்திருந்தால் கோளாறுக்கு அதையே காரணம் காட்டுவார்கள்.

வக்கீல் வைக்கப் பயப்பட வேண்டாம். வழக்கு நம் பக்கம் முடிந்தால் அவருடைய நியாயமான கட்டணத்தை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தில் உண்டு. 2025 முதல் சில நிறுவனங்கள் தாங்களே விரும்பிச் சேர்ந்திருக்கும் ஒரு புது நடைமுறையும் இருக்கிறது. அந்த நிறுவனங்களிடம் அபராதத் தொகையும் சேர்த்துக் கேட்க நினைத்தால், முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் 30 நாளாவது காரை விற்காமல் கையில் வைத்திருக்கவும் வேண்டும். உங்கள் கார் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை வக்கீலிடம் முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.