கார் ஸ்கேனர் வாங்கப்போகும் மெக்கானிக் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் சொந்தமாகப் பட்டறை நடத்தும் கார் மெக்கானிக்குகளைத் தேடி வந்து, "எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும், எல்லா சிஸ்டமும் படிக்கும்" என்று சொல்லி, வண்டியின் பழுதைக் கண்டறியும் கையடக்க ஸ்கேனர் விற்கும் ஒருவரிடம் 38,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாற்றப்பட்டேன். அவர் பட்டறைக்கே வந்து செய்து காட்டிய சோதனையில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. வண்டியில் மாட்டியதும் பழுதைக் குறிக்கும் எரர் கோடு வந்தது. அழித்ததும் செக் என்ஜின் விளக்கு அணைந்தது. ஆனால் அந்தச் சோதனை கருவியின் தரத்தைப் பற்றி ஒன்றுமே நிரூபிக்கவில்லை. ஏன் நிரூபிக்கவில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். ஏனென்றால் அதே சோதனையைக் காட்டித்தான் இன்னும் பலரிடம் இந்தக் கருவி விற்கப்படுகிறது.

வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓ.பி.டி. 2 என்ற ஏற்பாடு புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் அது கட்டாயமானது. நம் நாட்டில் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை அளவு விதி) கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓ.பி.டி. 1, 2013 ஏப்ரலில் ஓ.பி.டி. 2 என்று படிப்படியாக வந்தது. சட்டம் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துவதெல்லாம், புகை வெளியேற்றத்தோடு தொடர்புள்ள பழுதுகளை ஒரே வடிவமுள்ள 16 முனை சாக்கெட் வழியாக, எல்லோருக்கும் பொதுவான கோடுகளில் சொல்ல வேண்டும் என்பதுதான். முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் என்றால் பி0301, கலவையில் பெட்ரோல் குறைந்தால் பி0171, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாவிட்டால் பி0420 என்று எந்தக் கம்பெனி வண்டியும் ஒரே கோட்டைத்தான் கொடுக்கும். அரிசி கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் ரேஷன் கடையில் கிடைக்கும் அரிசியைப் போல, இதை எந்தச் சாதாரணக் கருவியும் வாங்கிக் காட்டிவிடும். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ரீடரும் காட்டும். லட்ச ரூபாய் ஸ்கேனரும் காட்டும்.

இதற்கு வெளியே இருப்பவைதான் பட்டறைக்கு வேண்டியவை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., ஏர்பேக், எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கண்ட்ரோல், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஆகியவற்றோடு பேசும் முறையைக் கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்கின்றன. கோடுகளிலும், பி எழுத்துக்கு அடுத்து 0 வந்தால் பொதுவானது, 1 வந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது. இன்ஜெக்டர் கோடிங், டீசல் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் டி.பி.எஃப். ரீஜெனரேஷன், த்ராட்டில் அடாப்டேஷன், ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் காலிபரேஷன் போன்ற வேலைகளுக்கு ஸ்கேனர் படித்தால் மட்டும் போதாது, வண்டிக்கு உத்தரவும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகச் சாஃப்ட்வேர் எழுதிச் சேர்த்தால்தான் இது முடியும். விலை வித்தியாசம் இந்த உழைப்பில்தான் இருக்கிறது. என்னிடம் விற்றவர் வாங்கியது இந்த உழைப்புக்கான விலை. கொடுத்தது பொதுக் கோடு படிக்கும் கருவி.

மெக்கானிக்குகளுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த விளம்பரத்தின் வழியாக அவர் அறிமுகமானார். பட்டறைக்கு வந்தவர், வேலைக்கு நின்றிருந்த வண்டிகளை விட்டுவிட்டுத் தாம் ஓட்டி வந்த காரிலேயே சோதனை காட்டினார். ஏர் ஃப்ளோ சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி என்ஜினை ஓடவிட்டார், கோடு வந்தது, மாட்டி அழித்துக் காட்டினார். ஏ.பி.எஸ்., ஏர்பேக் படிக்குமா, டீசல் இன்ஜெக்டர் கோடிங் ஆகுமா என்று நான் வெளிப்படையாகவே கேட்டேன். "எல்லாம் ஆகும் அண்ணா, மெனுவைப் பாருங்கள்" என்று திரையைத் திருப்பினார். மெனுவில் எல்லாமே இருந்தன: கம்பெனிப் பெயர்கள், மாடல்கள், ஏ.பி.எஸ்., எஸ்.ஆர்.எஸ். (ஏர்பேக்), இன்ஜெக்டர் கோடிங் என்று ஒரு குறையும் இல்லை. இரண்டு ஆண்டு இலவச அப்டேட், ஓராண்டு வாரண்டி என்றும் சொன்னார். பணத்தை ஒரு தனிநபரின் யு.பி.ஐ. கணக்குக்கு அனுப்பச் சொன்னார். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, ஆடிட்டர் மாத இறுதியில்தான் போடுவார், வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்று சொல்லி, அப்போதைக்கு எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இல்லை, கருவியின் சீரியல் எண்ணும் இல்லை. பில் இன்றுவரை வரவில்லை.

கருவியின் உண்மை முதலில் தெரிந்தது ஏ.பி.எஸ். விளக்கு எரிந்த ஒரு வண்டியில். கம்பெனியையும் மாடலையும் தேர்ந்தெடுத்து ஏ.பி.எஸ்.ஸை அழுத்தினால், பச்சைப் பட்டை ஒன்று மெதுவாக முழுத் திரைக்கும் ஊர்ந்து போகும்; பிறகு, தொடர்பு கிடைக்கவில்லை, இக்னிஷனை ஆன் செய்யுங்கள் என்று வரும். இக்னிஷன் ஆனில்தான் இருந்தது. பேட்டரி வோல்டேஜும் சாக்கெட்டின் 16ஆம் முனையில் சரியாக இருந்தது. அதே சாக்கெட்டில் பக்கத்துப் பட்டறை நண்பரின் ஸ்கேனரை மாட்டியதும், பின் இடது சக்கர ஸ்பீடு சென்சார் என்று உடனே காட்டியது. எனவே தொடர்பு கிடைக்காததற்கு வண்டி காரணம் இல்லை. அதன் பிறகு பட்டறைக்கு வந்த வண்டி ஒவ்வொன்றிலும் என்ஜினைத் தாண்டி எதையாவது படிக்கிறதா என்று பார்த்தேன். ஏர்பேக் எதிலும் படிக்கவில்லை. பி.எஸ். 6 மாடல்களுக்கு மெனுவில் பெயர் இருந்ததே தவிர, உள்ளே போனால் பொது ஓ.பி.டி. பக்கமே திறந்தது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு டீசல் டாக்ஸியில் ஏற்பட்டது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளை ஏற்றி இறக்கிப் பிழைப்பு நடத்தும் ஓட்டுநரின் வண்டி அது. ஒரு நாள் நின்றாலும் அவருக்கு அன்றைய வருமானம் போகும். இன்ஜெக்டர்களை மாற்றினோம். காமன் ரெயில் டீசல் வண்டியில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் பீச்சும் டீசலின் அளவு மிக நுண்ணிய அளவில் வேறுபடும். அந்த வேறுபாட்டைத்தான் இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த கோடாகப் பொறித்திருக்கிறார்கள். அதை எந்த சிலிண்டரில் எது என்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம்.முக்குள் ஏற்றினால்தான் அது அளவைச் சரிசெய்துகொள்ளும். ஏற்றாவிட்டால் ஐடிலிங்கில் நடுக்கம், சத்தம், புகை என்று தொல்லை தொடரும். இந்தக் கருவியின் மெனுவில் கோடிங் பக்கம் திறந்தது, கட்டங்கள் வந்தன, கோடை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கவும் விட்டது. கடைசியில் சேமி என்று அழுத்தியதும், இந்தச் செயல்பாடு ஆதரிக்கப்படவில்லை என்று வந்துவிட்டது. வெளியே ஆள் வைத்துக் கூலி கொடுத்து அந்த வேலையை முடித்தேன். வண்டி நின்ற நாட்களுக்கு ஓட்டுநருக்கு ஏற்பட்ட இழப்பை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் அடங்காத கோபம் இருப்பது அதனால்தான்.

பிறகு கருவியையே நன்றாகப் பார்த்தோம். பின்பக்க ஸ்டிக்கரில் ஒரு சீரியல் எண் இருக்கிறது. செட்டிங்ஸில் கருவியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் வேறொரு சீரியல் எண் தெரிகிறது. பதிவு செய்த பயனர் என்ற இடத்தில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரி. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தூக்கினால் அடியில் இருந்த ஸ்க்ரூவின் தலையில் முன்பே திருப்பிய கீறல்கள். அப்டேட் அழுத்தினால், இந்த எண் செல்லாது என்று பதில் வருகிறது. பெயர் பெற்ற ஒரு ஸ்கேனரின் உடலைப் போலச் செய்து, ஒரே லைசென்ஸை உடைத்துப் பல கருவிகளில் ஏற்றி விற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. இப்படிப்பட்ட கருவியை வாங்கியவர் யாரும் அப்டேட் பெற முடியாது. அடுத்த ஆண்டு வரும் வண்டிகளுக்கு அது உதவாது.

விற்றவரைக் கூப்பிட்டபோது முதலில் வண்டியின் ஒயரிங் கோளாறு என்றார். அடுத்து, கருவியைச் சென்னைக்கு அனுப்பினால் சாஃப்ட்வேர் ஏற்றித் தருவதாகச் சொல்லி அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார். பிறகு போன் எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது, "பில் இருந்தால் பேசுங்கள்" என்றார். பில்லைக் கொடுக்காமல் வைத்திருந்தது ஏன் என்பது அப்போது விளங்கியது.

ஸ்கேனர் வாங்கும்போது சோதனையை விற்பவர் காரில் செய்ய விடாதீர்கள். உங்கள் பட்டறைக்கு அதிகம் வரும் வண்டிகளில் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் கோடு வந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு சக்கரத்தின் ஏ.பி.எஸ். சென்சார் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, எந்தச் சக்கரம் என்று கருவி சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் ஒயரிங்கில் மட்டும் சோதனைக்காகக் கை வைக்கக்கூடாது, அது ஆபத்து. ஏர்பேக்கின் கட்டுப்பாட்டு மாட்யூலுக்குள் போய் அதன் அடையாள எண்ணைப் படிக்கிறதா என்று பார்த்தாலே போதும். ரேடியேட்டர் ஃபேனை ஸ்கேனரிலிருந்து ஓடவிடச் சொல்லுங்கள். ஓடினால் உத்தரவு கொடுக்கும் திறன் இருக்கிறது என்று பொருள். இன்ஜெக்டர் கோடிங் பக்கத்தில் ஏற்கெனவே வண்டியில் இருக்கும் கோடுகளைப் படித்துக் காட்ட வேண்டும். வெறும் காலிக் கட்டங்கள் வந்தால் நம்பாதீர்கள். சென்சார் அளவுகளை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம். எண் தாமதமின்றித் தொடர வேண்டும். வண்டியில் மாட்டாமலே டேட்டா ஓடினால் அது டெமோ ஓட்டம், வண்டியின் தகவல் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, சீரியல் எண் ஸ்டிக்கரிலும், பெட்டியிலும், திரையிலும், பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்து, ஓர் அப்டேட்டையாவது உங்கள் கண் முன்னே இறக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். சில தயாரிப்பாளர்கள் நாட்டுக்கு நாடு தனிப் பதிப்பு விற்கிறார்கள். வேறு நாட்டுக்கான கருவி அசலாகவே இருந்தாலும் நம் மாடல்கள் அதில் இருக்காது.

குறைந்த விலை ரீடர்களை நான் தாழ்வாக நினைக்கவில்லை. கோடு பார்க்கவும், பழுது ஏற்பட்ட நேரத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தைப் படிக்கவும் அவை போதும். அழித்தால் அந்த விவரமும் சேர்ந்து போய்விடும் என்பதால் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஈ.எல்.எம். 327 சிப்பின் பெயரில் விற்கப்படும் ரீடர்களில் பெரும்பாலானவை போலி சிப் கொண்டவை. பதிப்பு 1.5 என்று அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தக் கனடா நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. கே-லைன் என்ற பழைய ஒற்றை ஒயர் தொடர்பு முறை உள்ள வண்டிகளில் இவற்றில் பல பேசாது. 2013க்கு முந்தைய சில வண்டிகளில் 16 முனை சாக்கெட் இருந்தும் பொது ஓ.பி.டி. கிடைக்காது, அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி வேலையும் பார்ப்பவர்கள், 24 வோல்ட் தாங்கும் என்று எழுதியிராத கருவியை லாரியில் மாட்டவே கூடாது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். "தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்று அந்த விற்பனையாளர் என்னை மிரட்டினார். அது முழு உண்மை அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, சுயதொழில் செய்து வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்ற விலக்கில் சேர்ப்பதில்லை. தாமே ஸ்பேனர் பிடித்து வேலை செய்யும் மெக்கானிக் அந்தப் பாதுகாப்பைக் கோரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

நான் எஸ்டிமேட் சீட்டு, யு.பி.ஐ. பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ஏ.பி.எஸ். பக்கம் தோல்வியடையும் வீடியோ, இரு சீரியல் எண்களும் தெரியும் போட்டோ ஆகியவற்றைச் சேர்த்து வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணை முடியும் வரை விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துப் பட்டறைகளில் இப்போது இதே போன்ற கருவியைக் காட்டி வருகிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்களிடம் இருக்கும் கருவியிலும் ஸ்டிக்கர் எண்ணும் திரை எண்ணும் மாறியிருந்தால், எதையும் கழற்றாமல், சாஃப்ட்வேரை மாற்றி ஏற்றாமல், கருவியை அப்படியே எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுவே முதல் சாட்சி.