வீட்டுப் பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? மும்பை ஃபிளாட்டுக்கு ஒரு கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை ஃபிளாட், மூன்றடித் தொட்டி, உள்ளே சாஃப்ட் கோரல்கள் (மென்பவளங்கள்) என்றால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு குமிழ் வைத்த சாதாரண 'பிளாக் பாக்ஸ்' எல்.இ.டி. போதும். மிச்சமாகும் பணத்தைத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியில் போடுங்கள். செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். "என்னண்ணா, இவ்வளவு செலவு பண்றோம், லைட்ல போய்க் கஞ்சத்தனம் பண்ணச் சொல்றீங்களே" என்று அவர்களுக்கு முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இந்த அலசல்.

எந்த விளக்கு என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பவளம் என்று கேட்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் அக்ரோபோரா வகைக் கல்பவளங்கள். பவளப்பாறை கட்டும் இந்தக் கல்பவளங்கள் எல்லாமே 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலியும் அதே அட்டவணைதான். கடல்விசிறிகளும் கூடவே சேர்ந்தன. நம் கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ராமேஸ்வரம் போகும் மாமாவிடம் "ஒரு சின்னத் துண்டு" கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் உலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அனுமதிக் காகிதம் இல்லாமல் அவற்றைத் தொடுவதும் வம்புதான். சட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. மும்பைக் கடற்கரைச் சாலை வேலைக்காக 2020ல் வோர்லி, ஹாஜி அலி பாறைகளில் ஒட்டியிருந்த சில பவளக் கூட்டங்களை நகர்த்த வேண்டி வந்தபோது, மாநகராட்சியே வனத்துறை அனுமதிக்குக் காத்திருந்து, தேசியக் கடலியல் நிறுவனத்தை வைத்துத்தான் இடம் மாற்றியது.

ஆக, வீட்டுத் தொட்டிக்கு மிஞ்சுபவை மஷ்ரூம், ஜோவாந்திட் (சுருக்கமாக ஜோவா), லெதர், ஜீனியா, கிரீன் ஸ்டார் பாலிப் போன்ற, கல்லெலும்பு இல்லாத வகைகள். இவற்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று ரசீதோடு கேட்டு வாங்குவதே நல்லது. விளக்குக் கணக்கு தலைகீழாக மாறுவது இந்த இடத்தில்தான். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தைப் பிஏஆர் என்ற அளவால் சொல்கிறார்கள். வெப்பமண்டலக் கடலின் மேல்பரப்பில் உச்சி வெயிலில் அது 2000 வரை போகும். அக்ரோபோராவுக்குத் தொட்டியில் 200 முதல் 350 வரை வேண்டும். நம்முடைய மஷ்ரூமுக்கும் ஜோவாவுக்கும் 50 முதல் 150க்குள் இருந்தால் தாராளம். வெளிநாட்டுப் பரிந்துரைகள் பெரும்பாலும் அந்த 350ஐ மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் தேவைக்கு இரண்டு மடங்கு விளக்கு வாங்கிக்கொண்டு வருவோம்.

போட்டியாளர்களுக்கு வருவோம். மெட்டல் ஹாலைடு என்ற பழைய பெரிய விளக்குக்கு ஒரு பத்திகூடத் தேவையில்லை. தண்ணீருக்குள் வெயில் நெளிவது போன்ற அந்த அழகு இன்னும் அதற்குத்தான் முழுசாக வருகிறது என்பது உண்மை. ஆனால் 250 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 2 யூனிட், மாதம் 60. விளக்கை எரியவைக்கும் பலாஸ்ட் கருவி இழுப்பது தனி. அத்தனை சூட்டையும் தொட்டியின் தலையில் கொட்டி, பிறகு சில்லர் வைத்து இறக்குவதற்கு மும்பை சரியான ஊர் இல்லை.

டி5 குழல்விளக்கு அப்படி ஒதுக்கக்கூடியது அல்ல. 39 வாட் குழல் நான்கு போட்டால் மூன்றடித் தொட்டியின் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராக வெளிச்சம் விழும். எல்.இ.டி. புள்ளியிலிருந்து பாயும் வெளிச்சம். பாறைக்கு ஒரு பக்கம் பளீரென்றும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும்; கிளை பரப்பிய லெதரின் அடிப்பகுதி வெளிறாமல், பழுப்பேறாமல் ஒரே நிறமாக இருந்தால் மேலே டி5 எரிகிறது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தொல்லை வேறு இடத்தில். ஒன்பது மாதம், ஒரு வருடத்துக்குள் குழல்களின் ஒளி நிறம் மாறிவிடும். கண்ணுக்கு எரிவதாகத் தெரிந்தாலும் மாற்றியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பாதரசம் உள்ள பொது வெளிச்ச டி5, டி8 குழல்களை 2023 ஆகஸ்டிலிருந்து சந்தைக்கு விடுவதை நிறுத்திவிட்டது. தொழிற்சாலைகள் கைவிடும் ஒரு சரக்கை நம்பி இன்றைக்குப் புதிதாகத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மிச்சம் எல்.இ.டி. இதில்தான் இரண்டு கட்சி. ஒன்று சீனாவிலிருந்து வரும் கறுப்புப் பெட்டி. 55 சின்ன எல்.இ.டி.கள், நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ், பின்னால் இரண்டு மின்விசிறி. அட்டையில் 165 வாட் என்று போட்டிருக்கும், இழுப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. இன்னொன்று ரேடியான், கெஸில், அக்வா இல்யூமினேஷன் போன்ற பிராண்டுகளின் ரகம். கையடக்கமான விளக்குத் தலை, பல வண்ணச் சேனல்கள், சூரியோதயம் அஸ்தமனம் எல்லாம் மொபைலில். விலை கறுப்புப் பெட்டியைப் போலப் பல மடங்கு. கெஸிலில் எல்.இ.டி.களை ஒரே இடத்தில் நெருக்கி வைத்திருப்பதால் நிறங்கள் கலந்து விழும், ஹாலைடின் நெளிவும் ஓரளவுக்குக் கிடைக்கும். கறுப்புப் பெட்டியில் மணலின் மேல் சிவப்பும் பச்சையும் தனித்தனித் துளியாகச் சிதறுவதைப் பார்க்கலாம். அழகு என்ற ஒரு விஷயத்தில் விலை உயர்ந்தது ஜெயிக்கிறது, மறுக்கவில்லை.

பவளத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்றால், தெரியாது. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியைச் சமைத்துப் போடுகிறது. பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. அந்தப் பாசிக்கு வேண்டியது நீல அலைநீளம், குறிப்பாக 430 முதல் 470 நானோமீட்டர். அது கறுப்புப் பெட்டியிலும் இருக்கிறது, ஐந்து மடங்கு விலைப் பெட்டியிலும் இருக்கிறது. நீல எல்.இ.டி. ஒரு காலத்தில் உலக அதிசயம். அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. இன்றைக்கு அது மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான லாமிங்டன் ரோட்டில் உதிரியாகக் கிடைக்கிறது.

கறுப்புப் பெட்டியைச் சொல்வதற்கு அந்த ரோடும் எனக்கு ஒரு பெரிய காரணம். மும்பைக் காற்றில் உப்பும் ஈரமும் சும்மா இருப்பதில்லை. எல்.இ.டி. 50,000 மணி நேரம் உழைக்கும் என்பார்கள். அதற்கு முன்னால் மின்விசிறியும், எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் 'டிரைவர்' சுற்றும் போய்விடும். கறுப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது கம்ப்யூட்டரில் இருப்பதைப் போன்ற விசிறியும் சாதாரண டிரைவரும்தான். கிராண்ட் ரோட்டில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் ஒரு சுற்றுப் போட்டால் வேலை முடிந்தது. ஒரே பலகையில் அச்சடித்த விலை உயர்ந்த தலைக்கு அந்தச் சௌகரியம் இல்லை; வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை தொட்டிக்கு மேலே எதைத் தொங்கவிடுவது?

சரி, பெட்டி எதுவானாலும் அதற்குள் நடக்கும் உண்மையான போட்டி நீலத்துக்கும் வெள்ளைக்கும்தான். இதைப் பற்றிப் பேசாமல் விளக்கு வாங்குவது வீண்.

குர்லா மீன் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழைந்தால் எல்லாத் தொட்டியும் கருநீலம். ஜோவாக்கள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தணல் போலக் கிடக்கும். அது ஒளிர்வு. பவளத்தில் இருக்கும் சில புரதங்கள் நீல ஒளியை விழுங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி அனுப்புகின்றன. ஜெல்லிமீனில் இருந்த பச்சைப் புரதத்தை 1962ல் ஷிமோமுரா பிரித்தெடுத்தார், 2008ல் அதற்கு நோபல் கிடைத்தது. அதன் சிவப்பு உறவினன் 1999ல் வெளிவந்தது டிஸ்கோசோமா மஷ்ரூமிலிருந்து. குர்லாவில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து விற்கும் அதே மஷ்ரூம் இனம்தான்.

ஆனால் எல்லா நிறமும் இப்படி ஒளிர்வதில்லை. சில நிறமிகள் வெறுமனே ஒளியைத் திருப்பி அனுப்புபவை. ஒளிராத சிவப்பு மஷ்ரூமை முழு நீலத்துக்குக் கீழே பாருங்கள்: கறுப்பாகத் தெரியும். திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளியே அங்கே இல்லையே. வெள்ளைக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப அதே மஷ்ரூம் ஒயின் நிறத்துக்கும், பிறகு அழுத்தமான குங்குமச் சிவப்புக்கும் வரும். இன்னொரு பக்கம், நீலத்தில் நெருப்பாக இருந்த ஜோவா வெள்ளையில் பழுப்பும் மங்கல் பச்சையுமாக நிற்கலாம். அதனால் கடையில் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "பையா, ஸிர்ஃப் ஒயிட் லகாவோ" (அண்ணா, வெள்ளை மட்டும் போடுங்க). முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வெள்ளையிலும் நிறம் தெரிகிற துண்டுதான் வீட்டுக்கு வந்த பிறகும் நிறமாக இருக்கும். ஆரஞ்சு ஃபில்டர் போட்டு எடுத்த படத்தை நம்பிப் பணம் அனுப்புவதை நான் சூதாட்டத்தில்தான் சேர்ப்பேன்.

நீலத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஆழத்தில் வளரும் பவளத்துக்கு நீலம்தான் பழக்கம். ஒளிர்புரதங்களும் நிறமிகளும் கூடுவதற்கு நீல ஒளி தூண்டுதலாகிறது என்பதும் தெரிந்ததே. சிவப்பையும் வெள்ளையையும் ஏற்றினால் கண்ணாடியில் பச்சைப் பாசி படிவதும் கூடத்தான் செய்கிறது. ஆகவே நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு: நீலம் நாள் முழுக்க ஒன்பது மணி நேரம், வெள்ளை நடுவில் நான்கைந்து மணி நேரம் மட்டும், அதுவும் நீலத்தின் பாதி அளவுக்கு. இரண்டு சேனலுக்கும் தனித்தனி பிளக் இருப்பதால் சுவரில் செருகும் இரண்டு டைமரே போதும். மொபைல் செயலி இல்லாததால் எதையும் இழக்கவில்லை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது நீலம் மட்டும் எரிந்தால் கண்ணுக்கும் விருந்து.

அளவை எப்படிச் சரிபார்ப்பது? பிஏஆர் மீட்டர் விலை அதிகம், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றவிடலாம். மொபைல் செயலிகளையும் லக்ஸ் மீட்டரையும் நம்ப வேண்டாம், நீலத்தை அவை குறைத்தே காட்டும். பவளமே சொல்லும். வெளிச்சம் போதாவிட்டால் ஜோவா கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே எழும்பும். கூடிப்போனால் மஷ்ரூம் சுருங்கி, விளிம்பு மடிந்து, கடைசியில் பாறையை விட்டுக் கழன்று மிதக்க ஆரம்பித்துவிடும். புது எல்.இ.டி.யை முப்பது சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். எல்.இ.டி.யைக் குறை சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை முதல் நாளே குமிழை முழுசாகத் திருப்பியதால் பவளம் வெளுத்த கதைகள். வாங்கிய துண்டு ஒரு மாதத்தில் பழுப்பானால் விளக்கை மாற்ற ஓட வேண்டாம். நைட்ரேட், பாஸ்பேட்டைச் சோதியுங்கள். சத்து கூடினால் உள்ளே இருக்கும் பாசி பெருகிப் பழுப்பு ஏறும். அதற்காகப் பாஸ்பேட்டைச் சுத்தமாகப் பூஜ்ஜியத்துக்கு இறக்கினால் பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கும்.

இப்போது சில்லர் ஏன் என்று. பவளத் தொட்டிக்கு 25, 26 டிகிரி வேண்டும். 30ஐத் தொட்டு அங்கேயே நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998லும் 2010லும் 2016லும் கடலே அப்படிச் சூடானபோது பவளங்கள் கூட்டம் கூட்டமாக வெளுத்தன. மும்பையில் மே மாதமும் அந்த அக்டோபர் புழுக்கமும் சேர்ந்து அறையை 31, 32க்குக் கொண்டுபோய்விடும். டெல்லி நண்பர்கள் தண்ணீருக்கு மேல் விசிறி வைத்து இரண்டு மூன்று டிகிரி இறக்குவார்கள். அங்கே கோடைக் காற்று வறண்டது, ஆவியாதல் நடக்கும். இங்கே காற்றே நனைந்துகிடக்கும்போது விசிறியால் பெரிதாக எதுவும் ஆகாது. சில்லர் வேண்டும், அது கரண்டைக் குடிக்கும். கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறும் ஊரில் விளக்குக் கணக்கு இங்கேதான் கடிக்கிறது. நான்கு டி5 குழல் ஒன்பது மணி நேரத்துக்கு மாதம் சுமார் 42 யூனிட். பாதிக்குக் குறைத்து வைத்து 60 வாட் இழுக்கும் கறுப்புப் பெட்டி 16 யூனிட். விளக்கின் சூடு குறைந்தால் சில்லர் ஓடுவதும் குறையும். அந்தச் சேமிப்பு இதில் சேரவில்லை.

விதிவிலக்கு இரண்டு. நான்கடிக்கு மேல் தொட்டி, ஹாலில் நடுநாயகமாக வைக்கிறீர்கள், விருந்தினர் பார்க்க வேண்டும் என்றால் விலை உயர்ந்த எல்.இ.டி. இரண்டு வாங்குங்கள். அந்த நெளிவுக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுத்தால் சரி. ஏற்கெனவே டி5 விளக்குச் சட்டகம் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம்: நடுவில் இரண்டு குழலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நீல எல்.இ.டி. பட்டையை மாட்டினால் டி5இன் சீரும் எல்.இ.டி.யின் ஒளிர்வும் ஒன்றாகக் கிடைக்கும். மிச்சக் குழல்கள் கிடைக்கும் வரை ஓட்டலாம். கிடைக்காமல் போகும் நாளில் அதே சட்டகத்தில் இன்னும் இரண்டு பட்டை மாட்ட இடம் இருக்கிறது.