தெருவில் மனநோயாளி: காவல் நிலையம் வழியா, நீதித்துறை நடுவர் வழியா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டு வழிகளையும் தருகிறது. நாங்கள் பரிந்துரைப்பது முதலாவதை.

பிரிவு 100: தன்னைக் கவனிக்க முடியாமல் திரிபவரைக் காவலர் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்-அப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவரென்றால் காணாமல்போனவர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. பலமுறை விடுபடுவது இதுதான். விடுபட்டால் குணமானவருக்கும் திரும்பிப் போக வீடு கிடைப்பதில்லை. எனவே வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பிரிவு 102: நடுவர் எழுத்தாணையிட்டு, மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 10 நாள் அனுமதிக்கலாம். காவலர் அசையாதபோது உதவும்.

எப்படி வந்தாலும், சம்மதமின்றிச் சேர்க்கப் பிரிவு 89-இன்படி இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். வரம்பு 30 நாள். விண்ணப்பிக்க நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் செயல்படுபவர்) வேண்டும். உறவினரோ பராமரிப்பவரோ தகுந்த வேறொருவரோ இல்லாதவருக்குச் சமூகநலத்துறை இயக்குநரோ அவர் நியமிப்பவரோ பிரதிநிதி.