ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், 40,500 பாத் போனது

ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்க நினைக்கும் 50 வயதைத் தாண்டியவர்கள், விசா ஏஜெண்டைத் தேடிப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

90 நாள் 'நான்-இமிகிரன்ட் ஓ' (Non-Immigrant O) விசாவில் சியாங் மாய் நகருக்கு வந்தேன். ஓய்வுபெற்றவர் என்ற அடிப்படையில் அதை அங்கேயே ஓராண்டுக்கு நீட்டிக்கலாம். அரசுக் கட்டணம் 1,900 பாத்தான். பணக்கணக்குதான் இடிக்கும். மாத வருமானம் 65,000 பாத் இருப்பதாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தாய்லாந்து வங்கியில் நம் பெயரில் 8 லட்சம் பாத், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதம் அப்படியே கிடந்திருக்க வேண்டும். என்னிடம் பணம் இருந்தது. வீடு பார்ப்பதிலும் ஊர் சுற்றுவதிலும் நாளைக் கடத்திவிட்டுக் கணக்கைத் தாமதமாகத் தொடங்கினேன். விசா முடிய மூன்று வாரம் இருந்தபோது, பணம் வங்கிக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அது என் பிழை.

ஏஜெண்ட் தமிழில் பேசினார். அந்நிய ஊரில் தாய்மொழி காதில் விழுந்தால் அறிவு கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. "இரண்டு மாதக் கணக்கெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார். 22,000 கொடுங்கள். நீங்கள் இமிகிரேஷனுக்கு வரவே வேண்டாம்" என்றார். விண்ணப்பிப்பவர் நேரில் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "பரிசீலனையில் இருக்கிறது." விண்ணப்பம் உண்மையிலேயே பரிசீலனையில் இருந்தால், அதற்கான முத்திரையைப் பாஸ்போர்ட்டில் குத்தி நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னபோது என் விசா முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுநாளே ஏஜெண்டின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். "நாளை வாருங்கள்" என்றார்கள். நகரவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேசை இழுப்பறையிலிருந்து பாஸ்போர்ட் வந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. அது அந்த இழுப்பறையை விட்டு எங்கும் போயிருக்கவில்லை. 22,000 பாத்துக்கு ரசீது கேட்காததால் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

கிடைத்த முதல் விமானத்தில் கிளம்பினேன். காலாவதிக்குப் பின் தங்கியது 37 நாள். நாளுக்கு 500 பாத் வீதம் 18,500 அபராதம் கட்டினேன். உச்சவரம்பு 20,000 பாத். நாமாகவே விமான நிலையத்துக்குப் போய், மிகைநாள் 90-க்குள் இருந்தால் மறுநுழைவுத் தடை கிடையாது. தாண்டினால் குறைந்தது ஓராண்டுத் தடை. இடையில் தெருவில் போலீஸ் பிடித்திருந்தால், ஒரே நாள் மிகையானாலும் ஐந்தாண்டுத் தடை. பாஸ்போர்ட்கூட இல்லாமல் அத்தனை நாளும் சந்தைக்கும் கோயிலுக்கும் நிம்மதியாக நடந்திருக்கிறேன்; இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அபராத வரிசையில் நின்ற ஒரு பெண்மணி இன்னொன்றும் சொன்னார். முறையாக ஓராண்டு நீட்டிப்பு வாங்கினாலும், மறுநுழைவு அனுமதி எடுக்காமல் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த நீட்டிப்பு அப்போதே ரத்தாகிவிடும். அந்த அனுமதிக்குக் கட்டணம் ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. என் ஏஜெண்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.