மிளகாய்ப் புஞ்சையில் உயிர்க்கரி: ஐந்து பருவ அனுபவம்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கரி புதிதல்ல. மழை பொய்த்த ஆண்டுகளில், சீமைக் கருவேலத்தை வெட்டி, மண்ணால் மூடிப் புகைய விடும் மூட்டம் போட்டு எடுத்த கரிதான் பல வீடுகளில் உலை ஏற்றியது. அதனால் நான் உயிர்க்கரியை, அதாவது ஈரமும் சத்தும் தங்குவதற்காக மண்ணில் சேர்க்கும் கரியை, நிலத்தில் இடப் போவதாகச் சொன்னதும் மாமனார் பதறினார். "விற்றால் கைமேல் காசு, மாப்பிள்ளை. அதைப் போய் மண்ணில் புதைப்பீர்களா?"

நியாயமான கேள்வி. விடை மிலாறில், அதாவது மெல்லிய கிளைக் குச்சிகளில் இருந்தது. மூட்டத்துக்குத் தடித்த கட்டைதான் ஆகும். விரல் பருமன் மிலாறையும் பருத்தி மாரையும் (காய்ந்த பருத்திச் செடித் தண்டு) யாரும் வாங்குவதில்லை. வரப்போரம் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். நான் அவற்றை மட்டும் உயிர்க்கரியாக்குகிறேன். கட்டை இன்றும் வியாபாரிக்கே போகிறது.

இடுப்பளவு ஆழத்தில் கூம்பு போன்ற குழி. தீயை மேலே மூட்டி, சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் சுவாலை, கீழிருந்து எழும் புகையையும் எரித்துவிடும். அடியில் காற்று எட்டாததால் கரி சாம்பலாகாது. மூட்டத்தின் வெண்புகையில் இருமியே வளர்ந்தவன் நான். இந்தக் குழியருகே என் மகள் நின்று பேச முடிகிறது. வேறு எந்த லாபமும் எனக்கு இதற்குப் பிறகுதான். அணைக்க நிறையத் தண்ணீர் வேண்டும் என்பதால், கண்மாய் வற்றும் முன்பே எரித்து முடித்துவிடுகிறேன்.

முதல் ஆண்டு அவசரப்பட்டு வெறுங்கரியைத் தூவினேன். இளஞ்செடிகள் வெளுத்துப் போயின. வெறுங்கரி மண்ணின் தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது நொறுக்கி, சாணக் கரைசலிலும் கோமியத்திலும் பதினைந்து நாள் ஊறவைத்து, தொழுவுரத்தோடு சேர்த்து விதைக்கும் சாலில் மட்டும் இடுகிறேன்.

பலன் மூன்றாம் ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது. மணல் கலந்த செம்மண் துண்டில், கரி இட்ட சால்களில் நண்பகலில் துவண்ட செடி மாலையில் நிமிர்ந்தது. இடாத சால்களில் துவண்டது துவண்டதுதான். யூரியாவும் பாதியாகக் குறைந்திருக்கிறது. இதில் தொழுவுரத்தின் பங்கும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கரிசல் துண்டில் ஐந்து ஆண்டுகளாக ஒரு மாற்றமும் இல்லை. அந்த மண் தானே ஈரம் பிடிக்கும், காரத்தன்மையும் உடையது. கரி அந்தக் காரத்தை இன்னும் கூட்டிவிடக்கூடும். கரிசலிலும் உவர் நிலத்திலும் பயிர் செய்கிறவர்கள் மண் பரிசோதனை செய்யாமல் இறங்க வேண்டாம்.

காய்ந்த விறகின் எடையில் கால் பங்குக்கும் குறைவாகவே கரி தேறும். இருவருக்கு ஒரு நாள் வேலை. மூட்டையாக விற்பதை வாங்கி இட்டால் கட்டுபடியாகாது. எங்கள் பகுதியின் உருண்டை மிளகாயான முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் விலை ஏறி இறங்கியபடிதான் இருக்கிறது. கார்பன் வரவுக்கு, அதாவது கரியாக மண்ணில் சேமிக்கும் கார்பனுக்கு ஈடாகப் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தார் குழியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டுகளாகியும் ஒரு ரூபாய் வரவில்லை. அப்படி ஒருநாள் பணம் வந்தால், கரிக்காகவே மரம் வெட்டும் ஆசை ஊருக்குள் வரும் என்று அஞ்சுகிறேன். உடை, வேம்பு, புளி மரங்களில் இதற்காக ஒரு கிளையும் வெட்டுவதில்லை என்று எங்கள் தெருவில் நான்கு வீட்டார் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.