வியாழக்கிழமை நான்கு மணி: எங்கள் சேகரத்தின் முதியோர் சந்திப்பு ஊழியம்

அம்மாவுக்கு 83 வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஆலயத்துக்குப் போக இயலாமல் வீட்டோடு இருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்காக எங்கள் சேகரம், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவ சபைகளின் தொகுப்பு, நடத்திவரும் சந்திப்பு ஊழியத்தை 8 மாதங்களாக அருகிலிருந்து பார்த்துவருகிறேன். பெற்றோருக்காக இதை நாடலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும்.

ஒரு வீட்டுக்கு இருவர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். வாரந்தோறும் அதே இருவர்தான் வருவார்கள். மாதத்தில் ஒரு முறை ஐயர், அதாவது எங்கள் போதகர், திருவிருந்து (நற்கருணை) கொண்டுவருகிறார். கட்டணமோ காணிக்கையோ வாங்குவதில்லை; காப்பி கொடுத்தால் குடிப்பார்கள்.

இதற்கு முன்பு வேறொரு குழுவினர் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் புது முகங்கள் வந்து, ஒரு வசனத்தை வாசித்து, ஒரு ஜெபத்தைச் செய்து, பழப் பையைக் கொடுக்கும்போது படமும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். வந்தவர்கள் யார் என்று அம்மா என்னிடம் கேட்பார், எனக்கும் தெரிந்திருக்காது.

இப்போது வரும் இருவரில் மூத்தவர், மூன்றாவது வாரத்தில், தன் மருமகனுக்கு வேலை போய்விட்டதைச் சொல்லி, "அம்மா, நீங்கள் எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். முப்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திய அம்மாவிடம், படுக்கையில் விழுந்த பிறகு யாரும் எதையும் கேட்டதில்லை. அன்று முதல் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிவைத்து ஜெபிக்கிறார். அடுத்த வியாழக்கிழமை அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வேலை கிடைத்ததா என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். இந்த ஊழியத்தின் தலையாய சிறப்பு இதுதான் என்று கருதுகிறேன். வேதாகமத்தில் ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல், ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்று சொல்லி வாழ்த்துவதன் பொருள் எனக்கு அந்த வாரம்தான் விளங்கியது.

1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஃபாரஸ்டர் பேட்டனும் தங்கள் பட்டங்களால் அல்ல, பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டார்கள். ஆளும் நாட்டிலிருந்து வந்தவர் இந்தியருக்குத் தம்பியாக வாழ்ந்தது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல. உறவுப் பெயரைச் சூட்டிக்கொள்வது எளிது. அதற்கேற்றபடி ஆண்டுக்கணக்கில் வாழ்வதே கடினம். எங்கள் வீட்டுக்கு வருபவர்களை அம்மா பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒருவர் "மகளே", மற்றவர் "சின்னவள்".

இன்னொன்றையும் மனமாரப் பாராட்ட வேண்டும். நம் சபைகளில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டுச் சங்கடம் ஊர்ப் பேச்சாகிவிடுவது உண்டு. சொத்துத் தகராறு பற்றி அம்மா அவர்களிடம் அழுதிருக்கிறார். அதில் ஒரு சொல்கூட வெளியே போகவில்லை.

குறைகளும் உண்டு. சின்னவள் இரண்டு மாதம் வெளியூர் சென்றிருந்தபோது சில வாரங்கள் ஒருவருமே வரவில்லை. முன்கூட்டித் தகவலும் இல்லை. தலைவாரி, சேலை மாற்றி, இருட்டும்வரை அம்மா காத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. மாற்று ஏற்பாட்டைச் சேகரம் உடனே செய்ய வேண்டும். ஊழியர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், மனைவியை இழந்து தனித்திருக்கும் ஆண்கள் மனம்விட்டுப் பேசத் தயங்குகிறார்கள். ஆண்களும் முன்வந்தால் நல்லது.

விரும்புவோர் ஆலய அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். உங்கள் பெற்றோருக்குக் காது மந்தமானால், ஊழியர்கள் எந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்ததும் நீங்கள் அறையை விட்டு வெளியே சென்றுவிடுங்கள். முதல் இரண்டு வாரங்கள் நான் கட்டிலின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்துபோன பிறகுதான் அம்மா பேசத் தொடங்கினார்.